போதையா, அளவா? குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதைச் சட்டம் பார்க்கும் விதம்

இரவு நேரத்தில் சாலைத் தடுப்புக்கு அருகே வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கருவியை வாயருகே நீட்டி "ஊதுங்க" என்று காவலர் சொன்னதும், குடித்தவர்களில் பலர் சொல்லும் முதல் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "சார், நான் நிதானமாத்தான் இருக்கேன்." அது உண்மையாகவே இருக்கலாம். அவர் தடுமாறாமல் இறங்கி நிற்பார். கேட்ட கேள்விக்குக் குழறாமல் பதில் சொல்வார். வண்டியையும் கோடு பிசகாமல்தான் ஓட்டி வந்திருப்பார். ஆனாலும் அது சட்டத்தின் கேள்விக்கான பதில் அல்ல. அவர் நிதானமாக இருக்கிறாரா என்று சட்டம் கேட்கவில்லை. அவருடைய இரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. "மதுபோதையில் வாகனம் ஓட்டுதல்" என்று நாம் வழங்கும் பெயருக்குள் போதை இருக்கிறதே தவிர, இன்று பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் அந்தக் குற்றம் நிறுவப்படுவதற்குப் போதை ஏறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் சோதனை, சாட்சியம், தண்டனை, காப்பீடு என்று பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் பொருள் விளங்கும்.

சட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. இங்கிலாந்தின் 1872-ஆம் ஆண்டு மதுவிற்பனை உரிமச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பொதுச் சாலையில் வண்டி, குதிரை, கால்நடை, நீராவி எந்திரம் ஆகியவற்றைக் குடித்த நிலையில் பொறுப்பில் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அப்பிரிவு இன்னமும் நடைமுறையில் இருப்பதால், அங்கே குடித்துவிட்டு மாட்டை ஓட்டிச் செல்பவரும் சட்டப்படி குற்றவாளியே. 1897 செப்டம்பர் 10 அன்று லண்டனில் வாடகை மோட்டார் வண்டியைக் கட்டடத்தின் மீது மோதிய ஜார்ஜ் ஸ்மித் என்ற 25 வயது ஓட்டுநர், குடித்திருந்ததை ஒப்புக்கொண்டு 25 ஷில்லிங் அபராதம் கட்டினார். மோட்டார் வண்டியைக் குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மனிதராக அவரையே வரலாறு குறிப்பிடுகிறது. அவர் ஒப்புக்கொண்டதால் வழக்கு எளிதாக முடிந்தது. ஒப்புக்கொள்ளாதவரை என்ன செய்வது என்பதுதான் அடுத்த அரை நூற்றாண்டுக்கு நீதிமன்றங்களை அலைக்கழித்த கேள்வி.

அன்றைய சோதனை முறைகளைப் படித்தால் இன்று சற்று வேடிக்கையாகவும் இருக்கும், சற்றுக் கவலையாகவும் இருக்கும். தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொல்வார்கள். நாக்கு புரளும் சொற்றொடர் ஒன்றைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். மருத்துவர் கண்ணைப் பார்ப்பார், மூச்சை முகர்வார். பிறவியிலேயே திக்குவாய் உள்ளவரும், விபத்தில் தலையில் அடிபட்டுத் தள்ளாடுபவரும், சர்க்கரை குறைந்து மயக்கத்தில் இருப்பவரும் இந்தச் சோதனையில் குடிகாரர்களாகத் தோன்றுவார்கள். ஆண்டாண்டுகளாகக் குடித்துப் பழகியவர் நேராக நடந்து தப்பித்துவிடுவார். மது வாடை, குடித்தார் என்பதற்குச் சான்றாகலாம். எவ்வளவு குடித்தார் என்பதற்கோ, அது அவரை என்ன செய்தது என்பதற்கோ சான்றாகாது. 1971-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வாகன விபத்து வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்றது: மூச்சில் மது வாடை வீசியது, நடை தள்ளாடியது, பேச்சு பிதற்றலாக இருந்தது, கண்மணிகள் விரிந்திருந்தன என்பவற்றைக் கொண்டு மட்டும் ஒருவர் மது அருந்தியிருந்தார் என்ற முடிவுக்கு வர இயலாது என்று அது கூறியது.

இந்த முட்டுச்சந்திலிருந்து சட்டத்தை வெளியே கொண்டுவந்தது வேதியியல். ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க், விரல்நுனியிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்திலேயே ஆல்கஹாலை அளக்கும் முறையை 1922-இல் வெளியிட்டார். அளக்க முடிந்ததும் வரம்பு விதிக்கவும் முடிந்தது. 1936-இல் நார்வே, இரத்தத்தில் ஆயிரத்தில் 0.5 பங்குக்கு மேல் (100 மில்லிலிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம்) ஆல்கஹால் இருந்தாலே, ஓட்டியவரின் நிலை எப்படியிருந்தாலும், குற்றம் என்று சட்டம் இயற்றியது. ஸ்வீடன் 1941-இல் 0.8 என்று தொடங்கி, 1957-இல் 0.5-க்கும் 1990-இல் 0.2-க்கும் இறங்கியது. அமெரிக்காவில் ராபர்ட் போர்கன்ஸ்டைன் 1954-இல் மூச்சை ஊதி அளக்கும் கருவியை உருவாக்கினார். அவரே முன்னின்று 1960-களில் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் நடத்திய ஆய்வு, இரத்த ஆல்கஹால் ஏற ஏற விபத்தில் சிக்கும் வாய்ப்பு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதைக் காட்டியது. பிரிட்டன் 1967-ஆம் ஆண்டுச் சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்ற வரம்பைக் கொண்டுவந்தது.

இதோடு குற்றத்தின் இயல்பே மாறிவிட்டது. முன்பு அரசுத் தரப்பு, "இவர் வண்டியைக் கட்டுப்படுத்தும் திறனை இழந்திருந்தார்" என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது, "இவர் இரத்தத்தில் வரம்புக்கு மேல் ஆல்கஹால் இருந்தபோது ஓட்டினார்" என்று நிரூபித்தால் போதும். ஓட்டியவர் யாருக்கும் தீங்கு செய்திருக்க வேண்டியதில்லை. செய்யும் எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. வரம்பைத் தாண்டிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. பழச்சாற்றில் யாரோ மதுவைக் கலந்து கொடுத்துவிட்டார்கள் என்று மெய்ப்பித்தாலும் இங்கிலாந்தில் குற்றம் குற்றமாகவே நிற்கும். உரிமத்தைப் பறிக்காமல் விடுவதற்கான சிறப்புக் காரணமாக மட்டுமே நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம்.

இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு இந்த மாற்றத்தின் பழைய முகத்தையும் புதிய முகத்தையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. மதுவைப் பொறுத்தவரை அது எண்ணைப் பேசுகிறது: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது. பிற போதைப்பொருள்களைப் பொறுத்தவரை அது நிலையைப் பேசுகிறது: வாகனத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு அதன் பிடியில் இருக்க வேண்டும். கஞ்சா புகைத்துவிட்டு ஓட்டியவர், "நான் நிதானமாகத்தான் இருந்தேன்" என்று வாதாட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. மது அருந்தியவருக்கு அந்த வாதம் இல்லை.

ஒரே மனிதர், பல வரம்புகள்

எண் என்று வந்துவிட்ட பிறகு, எந்த எண் என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. இந்தியாவில் 30 மி.கி.; பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 50; இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 80; அதே பிரிட்டனின் ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 50. அமெரிக்க மாநிலங்களில் 80 என்பதே பொது வழக்கு. யூட்டா மட்டும் 2018-இன் இறுதியில் 50-க்கு இறங்கியது. மலேசியா 2020-இல் 80-லிருந்து 50-க்கு வந்தது. ஹங்கேரி, செக் குடியரசு போன்ற நாடுகளில் ஒரு சொட்டும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் பொதுவான ஓட்டுநர்களுக்கு 50-ஐயும், புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் இளையவர்களுக்கும் 20-ஐயும் உச்சமாகப் பரிந்துரைக்கிறது.

இந்த எண்கள் கைக்கு எப்படி வருகின்றன என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் தெளிவாகும். 40 சதவீத ஆல்கஹால் கொண்ட பிராந்தியோ விஸ்கியோ 60 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுத்த ஆல்கஹால் 24 மில்லிலிட்டர். எடையில் சுமார் 19 கிராம். விட்மார்க்கின் சூத்திரப்படி, 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஆல்கஹால் பரவும் பங்கு ஏறக்குறைய 0.68. கணக்கிட்டால், அது முழுவதும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்ததாகக் கொண்டால், 100 மில்லிலிட்டருக்கு 40 மி.கி.-ஐச் சற்றே தாண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அந்தப் பங்கு 0.55 அளவில் இருப்பதால் அதே கோப்பை 60-ஐத் தாண்டிவிடும். வயிற்றில் உணவு இருந்தால் உச்சம் குறையும், ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இதிலிருந்து தெரிவது இதுதான்: ஒரே ஒரு பெரிய பெக் அருந்திய அந்த ஆண் இந்தியாவில் குற்றவாளியாகக் கூடும், இங்கிலாந்தில் ஆகமாட்டார், அந்தப் பெண் இந்தியாவிலும் ஜெர்மனியிலும் வரம்பைத் தாண்டியிருப்பார், லண்டனில் தாண்டியிருக்கமாட்டார். இருவருக்கும் போதையே ஏறாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை என்பது இன்னொரு பொறி. கல்லீரல் ஆல்கஹாலை எரிக்கும் வேகம் பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 10 முதல் 25 மி.கி. வரைதான், 15 என்பது நடுவாந்தரமான கணக்கு. நள்ளிரவில் 150 மி.கி. அளவோடு படுத்தவர், காலை 7 மணிக்கு எழுந்து பல் துலக்கிக் குளித்துக் காபி குடித்துவிட்டு வண்டியை எடுக்கும்போது, 105 மி.கி. கழிந்து 45 மி.கி. மிச்சம் இருக்கும். குளியலும் காபியும் தூக்கத்தைத்தான் கலைக்கும். அந்த 45-ஐ ஒன்றும் செய்யாது. நேற்று குடித்தது நேற்றோடு போயிற்று என்பது அவர் கணக்கு. இந்தியச் சட்டத்தின் கணக்கில் அவர் இப்போது வரம்புக்கு மேல் இருக்கிறார்.

மூச்சிலிருந்து இரத்தத்துக்கு

வரம்பு இரத்தத்தில் விதிக்கப்பட்டிருக்க, சாலையில் ஊதுவதோ மூச்சு. நுரையீரலின் ஆழத்தில் இரத்தமும் காற்றும் உரசிக்கொள்ளும் இடத்தில் ஆல்கஹால் ஒரு விகிதப்படி காற்றுக்குக் கடக்கிறது. பிரிட்டன் அந்த விகிதத்தை 2300-க்கு 1 என்று எடுத்துக்கொண்டது. இரத்தத்தில் 80 மி.கி. என்றால் 100 மில்லிலிட்டர் மூச்சில் 34.8 மைக்ரோகிராம் வரும், அதை 35 என்று முழுமையாக்கிச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் 2100-க்கு 1 என்ற விகிதம் வழக்கில் உள்ளது. உண்மையில் இந்த விகிதம் ஆளுக்கு ஆளும், ஒரே ஆளுக்கு நேரத்துக்கு நேரமும் மாறும். எனவே வழக்கறிஞர்கள் இங்கேதான் நுழைவார்கள். அந்த வாயிலை அடைப்பதற்காகவே பிரிட்டன் மூச்சுக்குத் தனி வரம்பு வைத்து, இரத்தத்தோடு ஒப்பிடும் வாதத்துக்கே இடமில்லாமல் செய்தது. காவல் நிலையக் கருவியில் இருமுறை ஊதவைத்து, இரண்டில் குறைந்த அளவையே கணக்கில் எடுப்பார்கள்.

ஊதும் முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சற்று முன்புதான் குடித்தவர், ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பயன்படுத்தியவர், ஏப்பம் விட்டவர் ஆகியோரின் வாயிலேயே ஆல்கஹால் தங்கியிருந்து அளவைத் தவறாக உயர்த்திக் காட்டும். அதனால்தான் 15 முதல் 20 நிமிடம் வரை காத்திருந்து ஊதச் சொல்லும் நடைமுறை ஏற்பட்டது. மறுபுறம், பாக்கு, ஏலக்காய், சூயிங்கம் எல்லாம் வாடையை மறைக்குமே தவிர, நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றை மாற்றாது. இரத்தம் எடுப்பதிலும் நுணுக்கம் உண்டு: ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைக்கக் கூடாது, குப்பியில் சோடியம் ஃபுளோரைடு இருக்க வேண்டும், இல்லையென்றால் நுண்ணுயிர்கள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை நொதிக்கச் செய்து குப்பிக்குள்ளேயே ஆல்கஹாலை உண்டாக்கிவிடலாம். முத்திரை, தேதி, நேரம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு ஆகியவற்றில் ஒன்று விடுபட்டாலும், குற்றம் மெய்யாகவே நடந்திருந்தும் வழக்கு சரியும். எண்ணை நம்பி நிற்கும் குற்றத்தில், எண்ணைப் பெற்ற வழியும் குற்றத்தின் ஒரு பாகம்போல் ஆகிவிடுகிறது.

இந்தியச் சட்டத்தில் இதற்கென்று ஒரு கடிகாரமும் ஓடுகிறது. 185-ஆம் பிரிவின் கீழ் பிடிஆணையின்றிக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202-ஆம் பிரிவு. காவலில் வைத்துக்கொண்டே, சோதனையை மட்டும் ஆற அமர நாளைக்குத் தள்ளிப்போட முடியாது.

ஊத மறுத்தால் என்ன? பலரும் இதைத் தப்பிக்கும் வழியாக நினைக்கிறார்கள். இந்தியாவில் 205-ஆம் பிரிவின்படி, தக்க காரணமின்றி மறுத்தது நிரூபிக்கப்பட்டால், அந்த மறுப்பே அரசுத் தரப்பின் சாட்சியத்தை வலுப்படுத்தும் சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம். பிரிட்டனில் மறுப்பே தனிக் குற்றம். கனடாவில் 2018 டிசம்பர் முதல், கருவியை உடன் வைத்திருக்கும் காவலர், சட்டப்படி நிறுத்திய எந்த ஓட்டுநரையும், சந்தேகம் எதுவும் இல்லாமலேயே ஊதச் சொல்லலாம். மறுத்தால் குற்றவியல் வழக்கு. அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் 2016-இல் ஒரு கோட்டைக் கிழித்தது: கைதுக்குப் பின் மூச்சை நீதிமன்ற ஆணை இல்லாமல் சோதிக்கலாம், ஆனால் ஊசி உடலைத் துளைப்பதால் இரத்தத்துக்குப் பொதுவாக ஆணை வேண்டும். தன் உடலே தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதைத் தடுக்கலாமா என்ற பழைய கேள்விக்குச் சட்டங்கள் அளித்திருக்கும் பதில் கறாரானது: சாலையில் வண்டி ஓட்ட உரிமம் வாங்கியபோதே அந்தச் சோதனைக்கும் இணங்கிவிட்டாய்.

எது ஓட்டுதல்?

இது சில்லறைக் கேள்விபோல் தெரியும். நீதிமன்றங்களில் அப்படி இல்லை. இந்தியாவில் ஓட்டுவதும் ஓட்ட முயல்வதும் குற்றம். இங்கிலாந்தில் இவற்றோடு வாகனத்தைப் பொறுப்பில் வைத்திருப்பதும் குற்றம். வாகன நிறுத்தத்தில் சாவியோடு பின்னிருக்கையில் படுத்துறங்குபவர்கூட, போதை தெளியும்வரை ஓட்டுவதற்கான வாய்ப்பே இல்லை என்று தாமே மெய்ப்பித்துத்தான் மீள வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வண்டி ஒருவரின் உண்மையான கட்டுப்பாட்டில் இருந்ததா என்பதே அளவுகோல். ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு ஓட்டுநர் இருக்கையில் தூங்கியவர்கள் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். பொறுப்புணர்ந்து வண்டியை ஓட்டாமல் உள்ளேயே தூங்கியவரைத் தண்டிப்பது நியாயமா என்று கேட்டால், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் அதிகாலை மூன்று மணிக்கு விழித்து அரைத் தூக்கத்தில் கியரைப் போட மாட்டார் என்பதற்கு யார் உத்தரவாதம் என்பது சட்டத்தின் கவலை.

ஜப்பான் இன்னும் அகலமாக வலை விரித்திருக்கிறது. 2006-இல் ஃபுகுவோகாவில் குடித்திருந்த ஒருவர் மோதியதில் ஒரு குடும்பத்தின் கார் பாலத்திலிருந்து கடலில் விழுந்து மூன்று குழந்தைகள் இறந்ததை அடுத்து, 2007-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஓட்டப்போகிறார் என்று தெரிந்தும் மது கொடுத்தவர், வண்டியைக் கொடுத்தவர், குடித்திருக்கிறார் என்று தெரிந்தும் தன்னை ஏற்றிச் செல்லக் கேட்டு உடன் பயணித்தவர் ஆகிய மூவருக்கும் அங்கே தண்டனை உண்டு. குடித்தவரை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வருபவர் வெறும் பயணி அல்ல என்ற இந்த எண்ணம் மற்ற நாடுகளின் சட்டங்களிலும் நுழைய வேண்டியது என்றே நினைக்கிறேன்.

விளைவுகள்: அபராதச் சீட்டோடு முடிவதில்லை

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். இங்கிலாந்தில் ஆறு மாதம் வரை சிறை, உச்சவரம்பற்ற அபராதம், குறைந்தது 12 மாத உரிமத் தடை. பத்து ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் தடை குறைந்தது மூன்று ஆண்டு. நடைமுறையில் முதன்முறை பிடிபடுபவர்களில் பெரும்பாலோர் சிறைக்குப் போவதில்லை என்பதால், அபராதத்தைக் கட்டினால் முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம்தான் பலரைப் பின்னால் வருந்த வைக்கிறது.

அளவுக்கு ஏற்றபடி விளைவும் ஏறுவதைப் பார்க்க ஜெர்மனி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஆயிரத்தில் 0.5 பங்கைத் தாண்டினால் முதன்முறை 500 யூரோ, ஒரு மாதத் தடை, பதிவேட்டில் இரண்டு புள்ளிகள். இது நிர்வாக விதிமீறல் மட்டுமே. 1.1-ஐத் தொட்டால் எவ்வளவு நேர்த்தியாக ஓட்டியிருந்தாலும் ஓட்டத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் முடிவு கட்டிவிடும். அது குற்றவியல் குற்றம், உரிமமே போய்விடும். 1.6-ஐத் தொட்டவர் மருத்துவ, உளவியல் தேர்வில் தேறாமல் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது; சைக்கிள் ஓட்டியவருக்கும் இந்த 1.6 பொருந்தும். ஆனால் கீழ்ப்படியில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: 0.3 மட்டுமே இருந்தாலும், வண்டி வளைந்து நெளிந்து போனது போன்ற அடையாளம் தெரிந்தால், அது குற்றவியல் குற்றமாகிவிடும். எண்ணை இவ்வளவு நுட்பமாகப் படிப்படியாக அடுக்கிய சட்டம்கூட, பழைய கேள்வியான நிலையை முழுதாகக் கைவிட்டுவிடவில்லை.

குடியேறியவர்களுக்கு விளைவு இன்னும் கடுமையாகலாம். கனடாவில் 2018 டிசம்பரில் இக்குற்றத்தின் உச்சத் தண்டனை பத்து ஆண்டாக உயர்த்தப்பட்டது. அதன் துணைவிளைவாக இது குடியேற்றச் சட்டத்தின் பார்வையில் கடுங்குற்றமாகிவிட்டது. நிரந்தர வசிப்புரிமை பெற்ற, ஆனால் இன்னும் குடியுரிமை பெறாத ஒருவர், தீர்ப்பில் 1,000 டாலர் அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டாலும், நாட்டைவிட்டு வெளியேற்றப்படும் நடவடிக்கையை எதிர்கொள்ள நேரிடலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு விரைவில் முடித்துக்கொள்ளலாம் என்று குற்றவியல் வழக்கறிஞர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுமுன், குடியேற்ற வழக்கறிஞரையும் கேட்பது அங்கே ஆடம்பரம் அல்ல.

காப்பீட்டில் கணக்கு வேறு. இந்தியாவில் மது அருந்தி ஓட்டியபோது சேதமான தன் சொந்த வண்டிக்கு இழப்பீடு கேட்டால், பாலிசியின் விலக்கு விதியைக் காட்டி நிறுவனம் மறுக்கலாம். அடிபட்ட மூன்றாம் நபருக்கோ பொதுவாகப் பணம் கிடைக்கும்; முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு, பின்னர் அதைக் குடித்து ஓட்டியவரிடமிருந்தோ உரிமையாளரிடமிருந்தோ வசூலிக்கும்படி உத்தரவுகள் வருகின்றன. இழப்பீடு பல லட்சங்களில் இருக்கும்போது, 10,000 ரூபாய் அபராதம் நினைவிலேயே நிற்காது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒரு வழக்கில், விபத்துக்குப் பின் மூச்சுச் சோதனையோ இரத்தச் சோதனையோ நடந்திருக்கவில்லை; அளவு இல்லாததால் காப்பீட்டு நிறுவனம் மறுக்க முடியாது என்பது வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓட்டியவர் மதுவின் ஆதிக்கத்தில் இருந்தார் என்பதை வேறு சூழ்நிலைகளைக் கொண்டும் நிறுவனம் மெய்ப்பிக்கலாம் என்றது. குற்றவியல் நீதிமன்றத்தில் எண் இல்லாமல் தப்பிப்பவர், காப்பீட்டு வழக்கில் அதே காரணத்தால் தப்பிக்க மாட்டார்.

உயிர் போகும்போது

இதுவரை எண்ணே எல்லாவற்றையும் தீர்மானித்தது. யாராவது இறந்துவிட்டால், சட்டம் ஓரங்கட்டி வைத்திருந்த மனம் மறுபடியும் நடுக்கூடத்துக்கு வருகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததா, அல்லது மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்ததா என்ற கேள்வி எழுகிறது. முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் முதலாவதற்கு 304-ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை, இரண்டாவதற்கு 304-இன் இரண்டாம் பகுதிப்படி பத்து ஆண்டு வரை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவுக்கான உச்சம் ஐந்து ஆண்டு. அறிந்து செய்ததற்குப் பத்து ஆண்டு.

குடித்தவருக்கு என்ன அறிவு இருந்திருக்க முடியும் என்று வாதிடத் தோன்றும். தன் விருப்பத்தால் குடித்தவருக்கு, குடிக்காமல் இருந்திருந்தால் என்ன அறிவு இருந்திருக்குமோ அதே அறிவு இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது பழைய சட்டத்தின் 86-ஆம் பிரிவு. ஜெர்மனி இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அளவுகடந்த போதையால் ஒருவர் குற்றப்பொறுப்பையே இழந்திருந்தார் என்று மருத்துவர் சொன்னால், அவர் செய்த செயலுக்காக அல்ல, அப்படிப்பட்ட போதையில் தன்னைத்தானே ஆழ்த்திக்கொண்டதற்காகத் தண்டிக்கத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. உச்சம் ஐந்து ஆண்டு. கலிஃபோர்னியாவில் 1981 முதல், தக்க சூழ்நிலையில், குடித்து ஓட்டி மரணம் விளைவித்ததைக் கொலையாகவே வழக்குத் தொடர இடமுண்டு. பிரிட்டன் 2022 ஜூனில் மதுவின் ஆதிக்கத்தில் கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்ததற்கான உச்சத் தண்டனையை 14 ஆண்டிலிருந்து ஆயுள் சிறையாக்கியது.

2006 நவம்பர் 12 அதிகாலையில், மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் படுத்துறங்கிய தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஓட்டியவர் மது அருந்தியிருந்தார். விசாரணை நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்று கண்டு ஆறு மாதச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றம், மரணம் நேரக்கூடும் என்ற அறிவோடு செய்தது என்று மாற்றி மூன்று ஆண்டு விதித்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது, இந்தத் தண்டனை மிகக் குறைவு என்று கருதுவதாகவும், அதைக் கூட்டக் கோரி அரசு மேல்முறையீடு செய்யாததால் அதற்குமேல் தான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் பதிவு செய்துவிட்டு, மூன்று ஆண்டை அப்படியே நிறுத்தியது.